ஒரே ரோல், மூன்று பரப்புகள்: ஒரு பல் மருத்துவமனை முகப்பில் வினைல் எழுத்துகள் கழன்ற நிகழ்வு

மதுரையில் மேற்குப் பார்த்த ஒரு பல் மருத்துவமனையின் முகப்பில் ஒட்டப்பட்ட வினைல் எழுத்துகள், ஒட்டிய இரண்டு மாதங்களுக்குள் மூன்று விதமாகக் கெட்டுப்போயின. கண்ணாடிக் கதவில் நேர விவரம் எழுதிய சிறிய எழுத்துகளிலிருந்து புள்ளிகள் உதிர்ந்தன. கதவுக்கு மேலே ஓடும் ஏசிபி (அலுமினிய அடுக்குத் தகடு) பட்டையில் பெயர் எழுத்துகளின் மூலைகள் தூக்கிக்கொண்டன. உள்ளே விளக்கு எரியும் நீல அக்ரிலிக் பெட்டியின் மேல் ஒட்டிய வட்டச் சின்னம், அம்மை போட்டது போல் கொப்புளித்தது.

மூன்று இடங்களுக்கும் ஒரே வெள்ளை ரோலிலிருந்துதான் எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன; ஒட்டியவரும் ஒருவரே; வேலையும் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் முடிந்திருந்தது. தகராறு மட்டும் வழக்கமான தடத்திலேயே சென்றது. ஸ்டிக்கர் கடைக்காரர் மட்ட ரோலைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்பது மருத்துவரின் முடிவு. "ரோல் நல்ல ரோல்தான் டாக்டர், தினமும் தண்ணி விட்டுத் துடைச்சா எதுதான் நிக்கும்?" என்பது கடைக்காரரின் பதில். இரு தரப்பும் கேட்டுக்கொண்டதன் பேரில் நான் முகப்பைப் பார்க்கச் சென்றபோது, கெட்டவற்றை விடக் கெடாமல் நின்றவையே அதிகம் பேசின. ரோல் மட்டம் என்றால் கண்ணாடியில் இருந்த பெரிய பெயர் எழுத்துகளும் கழன்றிருக்க வேண்டும்; அவற்றில் ஒன்றின் ஓரம்கூட அசையவில்லை. துடைப்பதுதான் காரணம் என்றால், ஏணி இல்லாமல் எட்ட முடியாத ஏசிபி பட்டையில் எதுவும் நேர்ந்திருக்கக் கூடாது. ஆகவே இரு தரப்பின் விளக்கமும் பாதி முகப்புக்குத்தான் பொருந்தியது. ஒவ்வொரு பரப்பையும் தனித்தனியாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முகப்பின் அமைப்பு

கதவும் அதன் இரு பக்க நிலைக் கண்ணாடிகளும் 12 மி.மீ. டஃபன்ட் (சூட்டில் உறுதியாக்கிய) கண்ணாடி. உட்புறம் முழுவதும் வெயிலுக்காகச் சன் கண்ட்ரோல் பிலிம் ஒட்டப்பட்டிருந்தது. தெளிந்த கண்ணாடியாக இருந்தால் எழுத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வெட்டி உட்புறம் ஒட்டுவதுதான் நல்லது. மழை, துடைப்புத் துணி, நகம் எதுவும் அதைத் தொடாது. இங்கே கருத்த பிலிமுக்குப் பின்னால் எழுத்து மங்கிவிடும் என்பதோடு, பின்னாளில் எழுத்தை உரிக்கும்போது பிலிமும் சேர்ந்து கிழியும் என்பதால் வெளிப்புறம் ஒட்டியது சரியான முடிவே.

கண்ணாடியின் மேல்பகுதியில் பெயர், 18 செ.மீ. உயரத் தமிழ் எழுத்துகளில் இருந்தது. அதன் கீழே ஆங்கிலம் சிறிதாக, தமிழ்நாட்டில் பெயர்ப் பலகைகளுக்குச் சொல்லப்படும் 5:3:2 (தமிழ், ஆங்கிலம், பிற மொழி) விகிதத்தை ஒட்டி அமைந்திருந்தது. அதற்கும் கீழே நான்கு வரிகள், எழுத்தின் உயரம் 2.5 செ.மீ.: பார்வை நேரம், சிகிச்சைகள், முன்பதிவு செய்து வரவும் என்ற வேண்டுகோள், கடைசியாக ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சிக்கல் முழுவதும் இந்த நான்கு வரிகளில்தான்.

கண்ணாடி: எந்தப் புள்ளிகள் உதிர்ந்தன

"பல் கட்டுதல்" என்ற வரி "பல கட்டுதல" என்று நின்றதுதான் மருத்துவரை முதலில் கோபப்படுத்தியது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தனியாக நிற்கும் புள்ளி இரண்டே எழுத்துகளுக்கு உண்டு. தமிழில் மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. "முன்பதிவு செய்து வரவும்" என்ற மூன்று சொல்லில் மூன்று, "ஞாயிற்றுக்கிழமை" என்ற ஒரே சொல்லில் இரண்டு. வினைலில் வெட்டும்போது இவை ஒவ்வொன்றும் எழுத்தின் உடலோடு ஒட்டாத தனித் துண்டு. ஆங்கிலப் பலகைகளைக் கருதி எழுதப்பட்ட கையேடுகள் இதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நம் ஊர் ஸ்டிக்கர் கடைகளுக்கோ இது தினசரிப் பாடு.

புள்ளி முதலில் உதிர்வதற்குப் பசையின் வலிமை மட்டும் காரணமல்ல, கணக்கும் காரணம். எந்த ஸ்டிக்கரும் ஓரத்திலிருந்துதான் கழலத் தொடங்கும்; நடுப்பகுதி தானாகக் கழல்வதில்லை. 2.5 செ.மீ. உயர எழுத்துக்கு வெட்டப்பட்டிருந்த புள்ளியின் விட்டம் 3 மி.மீ. அதன் ஓரம் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தூசியோ ஈரமோ புகுந்து பசையைக் கெடுத்துவிட்டால், மீதி ஒட்டியிருப்பது 2 மி.மீ. விட்டம், அதாவது முழுப் பரப்பில் 44 விழுக்காடு. மேலே பெயரில் இருந்த புள்ளிகளின் விட்டம் 25 மி.மீ. அவற்றுக்கும் அதே அரை மில்லிமீட்டர் சேதம் வந்தால் 92 விழுக்காடு பரப்பு இன்னும் பிடித்திருக்கும். ஒரே பசை, ஒரே கண்ணாடி; ஆனால் சிறிய புள்ளிக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது, பெரிய புள்ளிக்கு ஏதும் நடந்ததாகவே தெரியாது.

ஆயினும் எல்லாச் சிறிய புள்ளிகளும் உதிரவில்லை என்பதால் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்ள முடியாது. உதிர்ந்த இடங்களைக் குறித்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. நான்கு வரிகளிலும், கண்ணாடியின் பக்கவாட்டுச் சட்டத்திலிருந்து நான்கு விரல் அகலத்துக்குள் இருந்தவை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தன. நடுவில் இருந்தவை, கடைசி வரி நீங்கலாக, அப்படியே இருந்தன. கடைசி வரியில் மட்டும் ஓரம், நடு என்ற வேறுபாடு இல்லாமல் பரவலாக உதிர்ந்திருந்தன. இரண்டு ஒழுங்குகள் என்றால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்.

முதலாவதைக் கண்டுபிடிக்கத் தெளிப்பான் பாட்டிலில் நல்ல தண்ணீர் போதுமானதாக இருந்தது. சுத்தமான கண்ணாடியில் தண்ணீரைத் தெளித்தால் அது ஒரு மெல்லிய படலமாகப் பரவி நிற்கும். எண்ணெயோ மெழுகோ சிலிக்கானோ படிந்த இடத்தில் முத்து முத்தாகத் திரளும். கதவின் நடுவில் தண்ணீர் பரவியது. சட்டத்தை ஒட்டிய நான்கு விரல் பட்டையில் மேலிருந்து கீழ் வரை முத்துகளாக உருண்டது. கண்ணால் பார்த்தால் இரண்டு இடமும் ஒன்று போலத்தான் பளிச்சென்றிருந்தன.

கண்ணாடி பொருத்தியவர்கள் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சிலிக்கான் பூசி, விரலால் இழுத்துச் சமன் செய்து, வழிந்ததைத் துணியால் துடைத்திருக்கிறார்கள். அப்படித் துடைப்பது சிலிக்கானை நீக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பக்கத்தில் பரப்பிவிடுகிறது. ஸ்டிக்கர் ஒட்டும் முன் கடைக்காரர் கண்ணாடியைச் சுத்தம் செய்யாமல் இல்லை. கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைத் தெளித்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மேலே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போட்டிருக்கிறார். கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி ஆகியவற்றுக்கு அந்த ஆல்கஹால் மிக நல்லது. உலர்ந்து இறுகிய சிலிக்கான் படலத்தை அது அசைப்பதில்லை. சிலிக்கான் என்ன செய்யும் என்பதை அறிய வேறெங்கும் போக வேண்டாம்: வினைல் ரோலின் பின்னால் உள்ள அடித்தாளின் மேல் பூசப்பட்டிருப்பதே சிலிக்கான்தான். பசை பிடிக்கக் கூடாது என்பதற்காகவே அங்கே பூசுகிறார்கள். ஆக, சட்டத்தை ஒட்டிய எழுத்துகள் ஓர் அடித்தாளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு இன்னோர் அடித்தாளின் மேல் ஒட்டப்பட்டிருந்தன என்று சொன்னால் மிகையில்லை. பெயரின் பெரிய எழுத்துகளில் இரண்டு இந்தப் பட்டைக்குள் சற்றே நீண்டிருந்தன. அவற்றின் பெரும்பகுதி சுத்தமான கண்ணாடியில் பிடித்திருந்ததால் தப்பித்தன.

பனியன் வேஸ்ட்டைப் பற்றியும் ஒரு சொல். திருப்பூரிலிருந்து வரும் அந்தத் துண்டுகள் மலிவானவை, நன்றாகத் தண்ணீர் உறிஞ்சும், எல்லாப் பட்டறைகளிலும் கிடைக்கும். ஆனால் பின்னலாடைத் துணிக்கு மென்மை சேர்க்கப் பயன்படும் பூச்சுகளில் பல சிலிக்கான் அடிப்படையிலானவை. போதாக்குறைக்குப் பஞ்சு இழையும் விட்டுச்செல்லும். ஆல்கஹாலில் நனைத்த புதுப் பனியன் துண்டால் துடைத்த கண்ணாடி, துடைப்பதற்கு முன் இருந்ததைவிடச் சுத்தமாக இருக்கும் என்று உறுதி கூற முடியாது.

கடைசி வரியின் கதை வேறு. அங்கே தண்ணீர் ஒழுங்காகப் பரவியது, சிலிக்கான் இல்லை. மிச்சமிருந்த ஒரு புள்ளியை நகத்தால் எடுத்தபோது அதன் பசைப் பக்கம் வழவழப்பாக, வெண்மை படர்ந்திருந்தது. விசாரித்தபோது, நான்கு வரிகளையும் ஈரம் விட்டு ஒட்டியதாகவும், தெளிப்பானில் ஒரு ஷாம்பு பாக்கெட்டை முழுதாகக் கரைத்திருந்ததாகவும் தெரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். அதற்கு மேல் போகும் சோப்பெல்லாம் தண்ணீர் ஆவியானபின் பசைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தங்கிவிடும். மேல் மூன்று வரிகளில் வழிந்த நீரும் சேர்ந்து கீழே இறங்கியதால் கடைசி வரிக்குச் சோப்பு அதிகம் கிடைத்திருக்கிறது. அதன் மேல் தினமும் தரை துடைக்கும்போது கண்ணாடியின் கீழ்ப்பகுதியையும் ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுப்பது வழக்கமாக இருந்திருக்கிறது. கடைக்காரர் சொன்ன "தினமும் தண்ணி விட்டுத் துடைப்பது" இந்த ஒரு வரிக்கு மட்டும், அதுவும் பாதியளவில், உண்மை.

ஈரம் விட்டு ஒட்டுவது பெரிய ஃப்ராஸ்டட் (பனி படர்ந்தது போன்ற) பிலிமுக்கும் ஒரே துண்டான பெரிய படங்களுக்கும் உரியது. அங்கே படலத்தை நகர்த்திச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. நீரை ஸ்குவீஜி என்ற தட்டையான தேய்ப்பானால் வெளியே தள்ளவும் முடிகிறது. சிறிய எழுத்துகளுக்கு அது ஒட்டுபவரின் வசதியே தவிர எழுத்துக்கு நன்மையில்லை. 3 மி.மீ. புள்ளி ஈரத்தில் மிதக்கும், எழுத்துகளை வரிசை குலையாமல் எடுத்து ஒட்ட உதவும் அப்ளிகேஷன் டேப்பை உரிக்கும்போது டேப்போடு வந்துவிடும், திரும்பத் திரும்ப அழுத்த வேண்டியிருக்கும். அளவு பார்த்து மேல் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பால் கீல் போல் பிடித்துவைத்து, அடித்தாளை மெல்ல இறக்கியபடி உலர்வாக ஒட்டினால் நகர்த்தவே தேவை வராது.

ஏசிபி பட்டை

இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் வைத்து அழுத்திய தகடே ஏசிபி. பார்வைக்கு வழவழப்பாக இருப்பதால் கண்ணாடிக்கு இணையான பரப்பு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டடத்தின் வெளிப்பக்கம் பொருத்தப்படும் நல்ல தரத் தகடுகளின் மேல் பிவிடிஎஃப் என்ற ஃபுளோரின் கலந்த பூச்சு இருக்கும். உள்வேலைக்கு வருபவற்றில் பாலியெஸ்டர் பூச்சு. வெயிலும் மழையும் அழுக்கும் ஒட்டாமல் இருக்கவே பிவிடிஎஃப் போடப்படுகிறது. அழுக்கு ஒட்டாத பரப்பில் பசை மட்டும் எப்படி விரும்பி ஒட்டும்? இந்த முகப்பில் இருந்தது அடர் சாம்பல் நிற வெளிப்புறத் தகடு. அதே ரோலிலிருந்து 25 மி.மீ. அகலத்தில் இரண்டு கீற்றுகள் வெட்டி, ஒன்றை ஏசிபியிலும் மற்றதை நன்கு சுத்தம் செய்த கண்ணாடியிலும் ஒட்டி, ஒரு நாள் விட்டு மடக்கி இழுத்துப் பார்த்தபோது வேறுபாடு கையிலேயே தெரிந்தது. ஏசிபியில் இருந்தது ஒரே சீராகக் கழன்று வந்தது. கண்ணாடியில் இருந்தது இழுபட்டு நீண்டது. தகட்டை ஆல்கஹாலால் மறுபடி துடைத்து ஒட்டியபின் பிடிப்பு கொஞ்சம் கூடியது. கண்ணாடியின் அளவுக்கு வரவில்லை. எனவே அழுக்கு ஒரு பங்கு, பூச்சின் இயல்பு பெரும் பங்கு. தகட்டின் பாதுகாப்புத் தாளை வெயிலில் மாதக்கணக்கில் விட்டிருந்தால் அதன் பசை படிந்திருக்கும் என்ற ஐயமும் இருந்தது. ஒட்டுவதற்கு முன்தினம்தான் தகடே பொருத்தப்பட்டது என்பதால் அதை விலக்கிவிடலாம்.

மூலைகள் தூக்கியதற்குப் பிடிப்புக் குறைவு மட்டும் போதுமான விளக்கமல்ல. தூக்குவதற்கு ஓர் இழுவையும் வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்பதை எழுத்துகளைச் சுற்றிப் படிந்திருந்த அழுக்குக் கோடு காட்டியது. எழுத்துகளின் இடது வலது ஓரங்களை ஒட்டி மயிரிழை அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடியது. மேல் கீழ் ஓரங்களில் அது இல்லை. படலம் சுருங்கி உள்ளே வாங்கிக்கொண்டபின் வெளியே தெரிந்த பசையில் தெருப் புழுதி ஒட்டியதால் வந்த கோடு அது. பக்கவாட்டில் மட்டும் சுருங்கியது ஏன்? எழுத்து வெட்டும் இயந்திரமான கட்டிங் பிளாட்டரில் பெயர் ரோலின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டப்பட்டிருந்தது. சாதாரண வினைல், சூடான உருளைகளுக்கு நடுவே பிழிந்து இழுத்துத் தயாரிக்கப்படுவது. இழுத்த திசையிலேயே அது பின்னாளில் சுருங்க முற்படும். திரவமாக ஊற்றி உலர்த்தித் தயாரிக்கப்படும் காஸ்ட் வினைலில் இந்த உள்ளிழுவை மிகக் குறைவு. சாதாரண வினைல் 70 முதல் 100 மைக்ரான் வரை இருக்க, காஸ்ட் 50 மைக்ரான் அளவில் மெல்லியதாகவும் இருக்கும்.

இந்தச் சுருக்கத்தைப் பெருக்கியது ஒட்டிய நேரம். மேற்குப் பார்த்த அடர்நிறத் தகட்டில், கத்திரி வெயில் காலத்தில், மாலை நான்கு மணிக்கு எழுத்து ஒட்டப்பட்டிருக்கிறது. கை வைக்க முடியாத சூட்டில் பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும். தவறாகப் பட்டதை எடுத்து வைக்க முடியாது. அதைவிட மோசம், படலம் இளகியிருக்கும்போது அப்ளிகேஷன் டேப்பை உரிக்கும் இழுப்பிலேயே எழுத்து சற்று நீண்டுவிடும். நீண்டபடியே ஒட்டியது, பிறகு ஒவ்வொரு பகல் சூட்டிலும் பழைய அளவுக்குத் திரும்ப முயலும். தகடும் சும்மா இருப்பதில்லை: 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் ஏறத்தாழ 0.7 மி.மீ. நீளும்; அதே நீளக் கண்ணாடி 0.27 மி.மீ. அளவே நீளும். இந்த இழுபறி முழுவதும் வந்து சேரும் இடம் கூரிய மூலை. "ப", "ம", "ட" ஆகியவற்றின் இடது கீழ் மூலைகள் வரிசையாகத் தூக்கியிருந்ததும், "வ", "ன" போன்ற எழுத்துகளின் வளைவுகள் தகட்டோடு படிந்தே இருந்ததும் இதற்குச் சான்று.

மருத்துவரின் குற்றச்சாட்டில் உண்மை இருந்த ஒரே இடம் இது. வெளிச்சுவர் வேலைக்கு இந்த ரோல் தாழ்ந்த தரம்தான். ஆனால் எல்லா இடத்துக்கும் காஸ்ட் வினைல் போட்டிருக்க வேண்டும் என்று அவர் கேட்டதை ஏற்க முடியவில்லை. வளைவு நெளிவுள்ள வண்டி உடம்புக்குக் காஸ்ட் தேவை. தட்டையான கண்ணாடிக்கு அந்தக் கூடுதல் விலை வீண். சிலிக்கான் படிந்த ஓரத்தில் எந்த விலை உயர்ந்த ரோலும் நின்றிருக்காது.

அக்ரிலிக் பெட்டி

இதில் அதிகம் ஆராய ஏதுமில்லை; பார்த்தவுடன் தெரியும் வகை. ஒட்டும்போது காற்று அகப்பட்டால் குமிழ்கள் அன்றைக்கே தெரியும், அளவும் இடமும் தாறுமாறாக இருக்கும், ஊசியால் குத்தி அழுத்தினால் போய்விடும். இங்கே குமிழ்கள் ஒட்டிய சில நாள்களுக்குப் பின்னரே தோன்றின, ஒரே அளவில் சீராகப் பரவியிருந்தன, குத்தி அழுத்தியபின் மீண்டும் வந்தன. வட்டத்தின் வெளி ஓரத்திலும், நடுவில் பல் வடிவம் வெட்டி நீக்கியிருந்த இடத்தின் ஓரத்திலும், ஒரு விரல் அகலத்துக்குக் குமிழே இல்லை. காற்று மேலிருந்து அகப்பட்டதல்ல, அக்ரிலிக் தகட்டிலிருந்து வெளியேறியது என்பதை அந்த வெறுமையான ஓரமே சொல்லிவிட்டது: ஓரத்துக்கு அருகில் வெளியேறிய வாயுவுக்குத் தப்பிக்க வழி இருந்தது, நடுவில் இல்லை.

புதுத் தகட்டின் காப்புத் தாளை உரித்த கையோடு மேலே பெரிய வட்டத்தை ஒட்டி மூடிவிட்டார்கள். உள்ளே எல்இடியின் மிதமான சூடு, வெளியே வெயில். அக்ரிலிக் தன்னுள் வைத்திருக்கும் ஈரமும் எஞ்சிய வேதிப்பொருளும் சூட்டில் மெல்ல வெளிவரும். பாலிகார்பனேட் தகட்டில் இது இன்னும் அதிகம். முழுதாக உலராத எனாமல் பெயின்ட் மேல் ஒட்டினாலும் இதே கொப்புளம்தான்.

திருத்தப் பணி

கண்ணாடியில் இருந்த பெரிய பெயரைத் தொடவில்லை. நன்றாக நிற்பதை உரித்துப் புதிதாக ஒட்டுவது வேலை காட்டுவதற்கு மட்டுமே உதவும்.

நான்கு சிறிய வரிகளுக்கு மூன்று வழிகள் பேசப்பட்டன. புள்ளியின் விட்டத்தை 5 மி.மீ. ஆக்குவது ஒன்று, எழுத்தின் உயரத்தையும் கூட்டாவிட்டால் புள்ளி எழுத்தை விழுங்கியது போல் தெரியும், உயரத்தைக் கூட்டினால் நான்கு வரிகள் அந்த இடத்தில் அடங்கா. ஃப்ராஸ்டட் பட்டையில் எழுத்தை வெட்டி நீக்கி, எழுத்தே கண்ணாடியாகத் தெரியும்படி செய்வது இரண்டாவது. அப்போது புள்ளி வெறும் ஓட்டையாகிவிடுவதால் உதிரும் பேச்சே இல்லை. ஆனால் "ல", "வ", "ன", "ண" ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் பகுதி தனித் தீவாகிவிடும், புள்ளிக்கு நேர்ந்தது சுழிக்கு நேரும். மூன்றாவதே ஏற்கப்பட்டது: தெளிந்த வினைலில் வெள்ளை மையால் அச்சிட்டு, ஒவ்வொரு வரியையும் மூலை மழுக்கிய ஒரே துண்டாக வெட்டி ஒட்டுவது. உற்றுப் பார்த்தால் துண்டின் விளிம்பு தெரியும். வெட்டிய எழுத்தின் அழகு இதற்கு வராது என்று கடைக்காரர் குறைபட்டுக்கொண்டார். அவர் சொன்னது சரிதான். இரண்டரை சென்டிமீட்டர் எழுத்துக்கு அந்த இழப்பு தாங்கக்கூடியது என்பது என் கருத்து.

பழைய எழுத்துகள் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, மடக்கி மெதுவாக இழுத்து எடுக்கப்பட்டன. டஃபன்ட் கண்ணாடியில் பிளேடு போட்டுச் சுரண்டினால், பரப்பில் ஒட்டியிருக்கும் நுண்ணிய கண்ணாடித் துகள் பிளேடோடு இழுபட்டுக் கீறல் விழும் என்பதால் பிளாஸ்டிக் சுரண்டியே பயன்படுத்தப்பட்டது. சட்டத்தை ஒட்டிய பட்டையைச் சிலிக்கான் நீக்கும் திரவத்தால் துடைத்து, சோப்பு நீரால் கழுவி, ஆல்கஹாலை ஒரு துணியால் பூசி அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுத்து, பிறகு மறுபடி தண்ணீர் தெளித்துப் பார்க்கப்பட்டது. முத்து திரள்வது நிற்கும் வரை இது திரும்பச் செய்யப்பட்டது. முதல் முறையில் நிற்கவில்லை. காயவிட்டால் கரைந்த அழுக்கு இருந்த இடத்திலேயே திரும்பப் படியும் என்பதால்தான் இரண்டு துணி. அதன் பிறகும் வரிகள் சட்டத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளியே வைக்கப்பட்டன.

ஏசிபிக்கு, சுருக்கம் குறைந்த பாலிமெரிக் வகை வினைலும், பிடிப்பு மிகுந்த பசையும் தேர்ந்தெடுக்கப்பட்டன. வெட்டும் கோப்பிலேயே எல்லாக் கூர் மூலைகளும் 2 மி.மீ. ஆரத்துக்கு மழுக்கப்பட்டன, தரையிலிருந்து பார்ப்பவருக்கு அந்த மாற்றம் தெரிவதில்லை. மேற்குச் சுவரில் வெயில் விழாத காலை வேளையில் ஒட்டி, டேப்பை 180 டிகிரிக்கு மடக்கித் தகட்டோடு படிந்தபடி உரித்து, உரித்தபின் ஃபெல்ட் ஒட்டிய ஸ்குவீஜியால் ஓரங்களை மட்டும் மீண்டும் ஒருமுறை அழுத்தினார்கள். இந்தக் கடைசி அழுத்தத்தை நேரம் மிச்சம் என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். டேப்பை உரிக்கும் இழுப்பில் ஓரங்கள் மயிரிழை அளவு எழும்பியிருக்கும், அதைப் படியவைப்பது இந்த ஒரு செயல்தான். பசை முழுப் பிடிப்புக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் அதுவரை யாரும் தண்ணீர் படவிட வேண்டாம் என்று மருத்துவமனைப் பணியாளர்களிடம் சொல்லப்பட்டது.

அக்ரிலிக் பெட்டிக்குப் புதுத் தகடு வாங்கவில்லை. பழைய வட்டத்தை எடுத்துவிட்டுச் சோப்பு நீரால் மட்டும் கழுவினார்கள். தின்னர் அக்ரிலிக்கைக் கரைக்கும். ஆல்கஹாலும் அழுத்தத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கக்கூடும். உள்ளங்கை அளவு வினைல் துண்டு ஒன்றை ஒட்டி, விளக்கை எரியவிட்டுச் சில நாள் பார்த்து, கொப்புளம் வராததை உறுதி செய்துகொண்டபின் சின்னம் ஒட்டப்பட்டது. முழு வட்டத்துக்குப் பதில் ஒரு வளையமும் அதனுள் பல்லின் கோட்டுருவும் என்று வடிவத்தையும் மாற்றினார்கள். எந்தப் புள்ளியிலிருந்தும் ஓரம் ஒரு விரல் தொலைவுக்குள் இருக்கும்படி.

பக்கவாட்டில் இருந்த பழைய சன்னலின் கீழ்ப்பாதியை அடர் நீல வினைலால் மூடித் தரும்படி மருத்துவர் கேட்டிருந்தார். அது டஃபன்ட் அல்ல, சாதாரணக் கண்ணாடி. அடர்நிறப் படலம் வெயிலை உறிஞ்சி அந்தப் பாதி மட்டும் சூடேற, சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும். 40 டிகிரி அளவு வேறுபாட்டிலேயே சாதாரணக் கண்ணாடி விரிசல் விடக்கூடும், டஃபன்ட் 200 டிகிரி வரை தாங்கும். அதனால் அங்கே வெளிர் ஃப்ராஸ்டட் பிலிம் போடப்பட்டது.

செலவைப் பகிர்ந்துகொண்ட விதம் இது: ஏசிபி எழுத்துகளைக் கடைக்காரர் தம் செலவில் மாற்றினார், கண்ணாடி வரிகளுக்கு அச்சுச் செலவை மருத்துவர் கொடுத்தார், அக்ரிலிக் வேலை கூலி இல்லாமல் முடிந்தது. சிலிக்கான் பூசியவர்கள் தங்களுக்கும் எழுத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஐப்பசி மழையும் அடுத்த கோடையும் கழிந்தபின் முகப்பை மறுபடி பார்த்தபோது கண்ணாடி வரிகளும் சின்னமும் ஒட்டியபடியே இருந்தன. ஏசிபியில் மட்டும் "ம" ஒன்றின் கீழ் ஓரம் சிறிது எழும்பியிருந்தது. அதற்கு நேர் அடியில் தகட்டைப் பிடித்திருக்கும் திருகின் தலை புடைத்திருந்தது. திருகைச் சுற்றி வினைலை வட்டமாக வெட்டி நீக்கி, மீதியை அழுத்திவிட்டார்கள்.